லிங்கன் ஓர் அடிமை முதலாளிக்காக வாதாடியது உண்மையா?

#1 பனங்கிழங்கு

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வெள்ளிக்கிழமை பேச்சுப்போட்டி. தலைப்பு ‘நேர்மை’. வேறு யார், லிங்கன்தான். சின்ன வயதில் கேட்டதை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன்: பீப்பாய்க்கு அடியில் சட்டப் புத்தகம் கிடைத்தது, விறகு வெட்டிக்கொண்டே படித்தார், நியாயமில்லாத வழக்கைக் கையாலும் தொடமாட்டார், இத்யாதி. நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்கிறாள்: “அப்பா, இவர் ஒரு அடிமை முதலாளிக்கு வக்கீலா இருந்தாராமே?” வகுப்பில் யாரோ சொன்னார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி ஏதும் உண்டா? உண்டு என்றால் மூன்று பக்கத்தையும் கிழிக்க வேண்டும்.

#2 வாய்தா வக்கீல்

உண்டு. 1847 அக்டோபர், இல்லினாய் மாநிலம், கோல்ஸ் கவுன்ட்டி. கட்சிக்காரர் ராபர்ட் மேட்சன், கென்டக்கிக்காரர். வழக்கு தோற்றது. கோர்ட் முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன். அதுவரை லிங்கனை யாரும் தூக்கில் போட்டுவிட வேண்டாம்.

#3 பழைய பேப்பர்

வக்கீல் சார் வருவதற்குள் அந்தப் பீப்பாயை ஓரமாக உருட்டிவிடுகிறேன்.

நியூ சேலம் என்ற குக்கிராமத்தில் லிங்கனும் பெர்ரி என்பவரும் கூட்டாகக் கடை வைத்திருந்தார்கள். மேற்கே குடிபோகிற ஒருவர், வண்டியில் இடமில்லை என்று ஒரு பீப்பாயை அரை டாலருக்குத் தள்ளிவிட்டுப் போனார்; கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பிளாக்ஸ்டோனின் ஆங்கிலச் சட்ட விளக்கம். இது நம் ஊர் வரைக்கும் வந்துவிட்ட கதை. ஸ்பிரிங்ஃபீல்டில் ஏலத்தில் எடுத்தார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இதில் பீப்பாயைவிட ஜான் டாட் ஸ்டூவர்ட்தான் முக்கியம். ஸ்பிரிங்ஃபீல்டில் தொழில் செய்துகொண்டிருந்த வக்கீல். 1834இல் இருவரும் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்கள். நீ வக்கீலுக்குப் படி என்று சொன்னதும் அவர், புத்தகங்களைக் கடன் கொடுத்ததும் அவர். நியூ சேலத்திலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு 20 மைல். புத்தகத்துக்காக அந்தத் தூரத்தை நடந்தே போய்வந்திருக்கிறார்.

சட்டக் கல்லூரிக் கேள்வியே இல்லை. ஒரு சீனியரிடம் உட்கார்ந்து படிப்பதுதான் அன்றைய வழக்கம். இவர் அதுவும் செய்யவில்லை. 1860இல் தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்த குறிப்பில், யாரிடமும் படிக்கவில்லை என்று அவரே சொல்கிறார். 1836 மார்ச் 24 அன்று சாங்கமன் கவுன்ட்டி கோர்ட் ‘நன்னடத்தை உள்ளவர்’ என்று பதிவு செய்தது. செப்டம்பர் 9 அன்று மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் உரிமம் கொடுத்தார்கள். 1837 மார்ச் 1 அன்று வக்கீல்கள் பட்டியலில் பெயர் ஏறியது. வயது 28.

விறகு வெட்டிக்கொண்டே படித்தார் என்பதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அந்த நாளில் அவர் போஸ்ட்மாஸ்டர், கூடவே சர்வேயர். கடை முன்பே மூழ்கிவிட்டது. பெர்ரி 1835இல் இறந்துபோக, அவர் பங்குக் கடனும் இவர் தலையில் விழுந்தது. மொத்தம் 1,100 டாலர் சுமாருக்கு. அதை ‘தேசியக் கடன்’ என்று கேலியாகச் சொல்வாராம்.

#4 சங்கிலி

சர்வேயர் என்று வந்துவிட்டதால் நானும் உள்ளே வருகிறேன். 34 வருஷம் சர்வேத் துறை. நான் சேர்ந்தபோது மீட்டர் வந்துவிட்டது, ஆனால் பழைய புலப்படங்களில் லிங்க் கணக்குதான். லிங்கன் இழுத்ததும் அதே வகைச் சங்கிலிதான்: 66 அடி, 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். இதற்கு வேண்டிய கணக்கை அவர் புத்தகம் வைத்துத் தானே படித்துக்கொண்டு களத்தில் இறங்கினார்.

பழைய பேப்பர் அந்தக் கடன் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். கடன்காரர்களில் ஒருவர் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கி, லிங்கனின் குதிரை, சேணம், திசைகாட்டி, சங்கிலி எல்லாவற்றையும் ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மற்றவர்களுக்கு அது பழைய இரும்பு. எங்களைப் போன்றவனுக்கு அது போனால் மறுநாள் அடுப்பு எரியாது. ஜேம்ஸ் ஷார்ட் என்ற விவசாயி ஏலத்தில் எடுத்து, அப்படியே லிங்கன் கையில் திருப்பிக் கொடுத்தார். கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்து அதே ஷார்ட் கலிபோர்னியாவில் நொடித்துப் போய் இருக்கிறார் என்று தெரிந்ததும், ஜனாதிபதி லிங்கன் அவருக்கு அரசாங்க வேலை போட்டுக் கொடுத்தார். இதைத் தங்கச்சியைப் பேசச் சொல்லுங்கள். கடனையும் வருஷக்கணக்காகக் கட்டித் தீர்த்தார்.

#5 அமாவாசை

நல்லது. ஜப்தி, ஏலம், கண்ணீர். ஆனால் பனங்கிழங்கு கேட்ட கேள்வி வேறு. கடன்பட்டவன் வலி தெரிந்தவர் மனிதனை விற்பவனுக்காக ஏன் போய் நின்றார்? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

#6 பழைய பேப்பர்

பதில் சொல்ல ஆள் கோர்ட்டில் இருக்கிறார், பொறுங்கள். அதுவரை என் பங்குக்கு.

1837 ஏப்ரல் 15. இரவல் குதிரை, சேணத்தில் தொங்கும் இரண்டு பை, அதுதான் மொத்தச் சொத்து. ஸ்பிரிங்ஃபீல்டில் ஜோஷுவா ஸ்பீடின் கடைக்கு வந்து, ஒற்றைக் கட்டிலுக்கு மெத்தை, விரிப்பு, தலையணை என்ன விலை என்று கேட்கிறார். ஸ்பீடு கணக்குப் போட்டு 17 டாலர் என்கிறார். விலை சரிதான், ஆனால் கையில் காசில்லை. கிறிஸ்துமஸ் வரை கடன் கொடுத்தால், இந்த வக்கீல் பரிசோதனை ஜெயித்தால் தருகிறேன், தோற்றால் எப்போது தருவேன் என்று தெரியாது என்கிறார் லிங்கன். அவ்வளவு வாடிய முகத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று ஸ்பீடு பிற்பாடு சொன்னார். மாடியில் என் கட்டில் பெரியது, நீயும் படுத்துக்கொள் என்றாராம். லிங்கன் மேலே போய் இரண்டு பையையும் தரையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்: “சரி ஸ்பீடு, நான் குடிவந்துவிட்டேன்.” பல வருஷம் அங்கேயேதான் இருந்தார்.

ஸ்டூவர்ட்டோடு கூட்டுத் தொழில். ஆபீஸ் ஹாஃப்மன்ஸ் ரோ கட்டடத்து மாடி. கீழே கோர்ட் ஹால். நடுவில் தரையில் ஒரு பலகைக் கதவு, திறந்தால் கீழே நடப்பது தெரியும். ஒரு தடவை கீழே இவர் நண்பர் எட்வர்டு பேக்கர் மேடையில் பேச, கூட்டம் அவரை இழுத்துப் போடப் பாய்ந்தது. மேலிருந்து திடீரென்று இரண்டு நீளக் கால்கள் தொங்கின. லிங்கன் குதித்து, மேசை மேல் இருந்த தண்ணீர் ஜாடியைக் கையில் எடுத்ததும் கூட்டம் அடங்கிவிட்டதாம்.

முதல் வழக்கும் பெரிய தர்மயுத்தம் இல்லை. ஹாதார்ன் என்பவர் வூல்ட்ரிட்ஜ் மேல் போட்டது. புல்வெளி நிலத்தை உழ ஏர்மாடு தருகிறேன் என்று தரவில்லை, அடித்தும் விட்டார் என்று பிராது. லிங்கன் பிரதிவாதி பக்கம். அடிதடி வழக்கில் ஜூரி 36 டாலர் நஷ்டஈடு தீர்ப்பளித்தது. இதோடு சேர்த்துப் போட்ட மற்ற பிராதுகள் சமரசமாக முடிந்தன. ஆக, வக்கீல் லிங்கன் கணக்கைத் தொடங்கியதே தோல்வியில்தான்.

ஸ்டூவர்ட் 1838இல் ஸ்டீபன் டக்ளஸை 36 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்துக் காங்கிரஸுக்குப் போனார். அடுத்த வருஷம் நவம்பரில் அவர் வாஷிங்டன் கிளம்பியதும் இவர் பீஸ் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார்: ‘லிங்கனின் நிர்வாகம் தொடக்கம்.’ சீனியர் ஊரில் இல்லாத ஜூனியரின் சந்தோஷம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பீஸ் பெரும்பாலும் 5 டாலர்.

#7 வாய்தா வக்கீல்

வந்துவிட்டேன். பழைய பேப்பர், அந்தக் கணக்குப் புத்தக வரியை என் ஜூனியரிடம் காட்டப் போவதில்லை.

மேட்சன் விஷயம். இவருக்குக் கென்டக்கியிலும் நிலம், இல்லினாயிலும் நிலம். கென்டக்கியில் அடிமை முறை உண்டு, இல்லினாயில் கிடையாது. வருஷா வருஷம் வசந்த காலத்தில் அடிமைகளைக் கூட்டிவந்து வேலை வாங்கி, அறுவடை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்விடுவார். இங்கேயே தங்கிவிட்டால் அவர்கள் சுதந்திரர் ஆகிவிடுவார்களே, அதற்குத்தான் இந்தப் போக்குவரத்து. இவர்களைத் தற்காலிகமாகத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று சாட்சி வைத்துச் சொல்லவும் செய்வார். ஆள் உஷார்.

ஆந்தனி பிரையன்ட் என்பவர் மட்டும் நிரந்தரமாக அங்கேயே மேஸ்திரி, அவர் சுதந்திரர். மனைவி ஜேன், நாலு பிள்ளைகள், இவர்கள் மேட்சனின் அடிமைகள். இந்த ஐந்து பேரும் இல்லினாய்க்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேட்சன் வீட்டை நிர்வகித்த பெண்மணிக்கும் ஜேனுக்கும் சண்டை. உன்னையும் பிள்ளைகளையும் தெற்கே பருத்திக் காட்டுக்கு விற்றுவிடச் செய்கிறேன் என்று அந்த அம்மாள் மிரட்ட, ஆந்தனி ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தைக் கிளப்பினார். அடைக்கலம் கொடுத்தவர்கள் இருவர்: விடுதி நடத்திய கிடியன் ஆஷ்மோர், டாக்டர் ஹைரம் ரதர்ஃபோர்டு. மேட்சன் சட்டத்தைப் பிடித்தார். கறுப்பர்கள் சுதந்திரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று இல்லினாயிலேயே ஒரு சட்டம் இருந்தது. சான்று இல்லாததால் ஜேனும் பிள்ளைகளும் சார்ல்ஸ்டன் சிறையில் ஒன்றரை மாதத்துக்கு மேல் கிடந்தார்கள். நாலு பிள்ளைகளோடு. அப்புறம்தான் ஆட்கொணர்வு மனு.

இப்போது லிங்கன். அடைக்கலம் கொடுத்ததற்காக மேட்சன் டாக்டர் ரதர்ஃபோர்டு மேலும் நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருந்தார். டாக்டர் லிங்கனைத் தேடிப் போகிறார். லிங்கன் முகம் மாறுகிறது. மேட்சன் தரப்பு ஏற்கெனவே என்னிடம் பேசிவிட்டது என்கிறார். டாக்டருக்குக் கோபம், எழுந்து வந்துவிட்டார். அங்கிருந்து விடுபட்டு வருகிறேன் என்று லிங்கன் பிறகு சொல்லி அனுப்பியபோது இவர் வீம்பாக வேண்டாம் என்றுவிட்டார். இதெல்லாம் ரதர்ஃபோர்டே வயதான காலத்தில் நினைவிலிருந்து சொன்னது.

அக்டோபர் 16 அன்று விசாரணை. லிங்கனும் அஷர் லிண்டர் என்ற வக்கீலும் மேட்சனுக்கு. ஆர்லண்டோ ஃபிக்ளினும் சார்ல்ஸ் கான்ஸ்டபிளும் எதிர்த்தரப்பு. லிங்கனின் வாதம் ஒரே புள்ளியில் நின்றது: இவர்கள் பருவ வேலைக்கு வந்தவர்கள், நிரந்தரக் குடியேற்றம் இல்லை. அடிமையோடு வழிப்பயணம் போவதை 1843லேயே இல்லினாய் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது, ஆகவே இது சும்மா எடுத்த வாதம் இல்லை. ஆனால் நிரந்தரமாகக் கொண்டுவந்திருந்தால் அவர்கள் சுதந்திரர் என்பதையும் கோர்ட்டில் அவரே ஒப்புக்கொண்டார். அதை வைத்துப் பாதி மனத்தோடு வாதாடினார் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிற்காத இடத்தை விட்டுக்கொடுத்து, நிற்கிற ஒரே இடத்தில் காலை ஊன்றுவது நல்ல வக்கீல் செய்கிற காரியம்தான். ஜெயிக்கத்தான் பார்த்தார்.

நீதிபதிகள் வில்சனும் ட்ரீட்டும் ஐந்து பேரையும் விடுதலை செய்தார்கள். மேட்சன் லிங்கனுக்குப் பீஸ்கூடக் கொடுக்காமல் கென்டக்கி போய்ச் சேர்ந்தார் என்பார்கள். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 25 அன்று, லிங்கன் புது எம்.பி.யாக வாஷிங்டனுக்கு வண்டி ஏறினார்.

#8 அமாவாசை

ஆக, ஜெயித்திருந்தால் நாலு பிள்ளைகள் பருத்திக் காட்டில். ‘முதலில் வந்தவர் கட்சிக்காரர்’ என்பது நல்ல விதி வக்கீல் சார், யாருக்கு நல்லது என்பதுதான் கேள்வி. மேட்சனுக்கு மாநிலத்தில் வேறு வக்கீலே கிடைக்கவில்லையா?

#9 வாய்தா வக்கீல்

லிண்டர் இருந்தார். லிங்கன் விலகியிருந்தால் வழக்கு நின்றுபோயிருக்காது. அதனால் உங்கள் அடி விழுகிற இடத்தில்தான் விழுகிறது, தடுக்க மாட்டேன். தொழில் நியாயம் மட்டும் சொல்கிறேன். அன்றைய சுற்றுக் கோர்ட் என்றால் வக்கீல்களும் நீதிபதியும் குதிரையிலும் வண்டியிலும் கவுன்ட்டி கவுன்ட்டியாகப் போவார்கள். ஊரில் இறங்கியதும் எவன் முதலில் கையைப் பிடிக்கிறானோ அவன் கட்சிக்காரன். ஒரே கட்டிலில் இரண்டு வக்கீல் படுத்துக் காலையில் எதிரெதிராக நிற்பார்கள். இன்றைக்கும் எங்கள் பார் கவுன்சில் விதி, வந்த கேஸைச் சாதாரணமாக மறுக்காதே என்றுதான் சொல்கிறது. நானும் வெட்கப்படுகிற வக்காலத்து ஒன்றிரண்டு போட்டிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன்.

#10 செம்பருத்தி

எல்லோரும் 1847லேயே நிற்கிறீர்கள். ஆறு வருஷம் பின்னால் போனால் நான்ஸ் இருக்கிறாள்.

இல்லினாயின் கஸ்காஸ்கியாவில் பிறந்த கறுப்பினப் பெண். ‘ஒப்பந்த வேலையாள்’ என்று பெயர், நிஜத்தில் அடிமை. எஜமானர் கடனில் மூழ்கியபோது 1827இல் சொத்துகளோடு இவளும் ஏலத்துக்கு வந்தாள். நேதன் கிராம்வெல் எடுத்தார். எனக்கு விருப்பமில்லை என்று இவள் கோர்ட்டுக்குப் போய், 1828இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றாள். 1836இல் கிராம்வெல் ஊரைவிட்டுக் கிளம்பும்போது இவளை பீக்கின் ஊர் டேவிட் பெய்லியிடம் விட்டுவிட்டுப் புரோநோட்டு எழுதி வாங்கினார். இவள் சட்டப்படி என் வேலையாள்தான் என்பதற்கு அத்தாட்சி அனுப்புகிறேன் என்று வாக்கு. அத்தாட்சி வரவில்லை, ஆளும் இறந்துபோனார். நான்ஸோ, நான் சுதந்திரமானவள் என்று சொல்லி ஆறு மாதத்தில் வெளியே நடந்துவிட்டாள். கிராம்வெல் சொத்தை நிர்வகித்தவர்கள் பெய்லி மேல் புரோநோட்டு வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட் 431 டாலர் சொச்சம் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டில் பெய்லியின் வக்கீல் லிங்கன்.

1841 ஜூலையில் நீதிபதி சிட்னி பிரீஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்: நிறம் எதுவானாலும் இந்த மாநிலத்தில் ஒவ்வொருவரும் சுதந்திரர் என்பதே சட்டத்தின் அனுமானம், சுதந்திரரை விற்பது சட்டவிரோதம்.

ரதர்ஃபோர்டையும் ஸ்பீடையும் ஷார்ட்டையும் பேர் சொல்லிப் பேசுகிற இழையில் இவள் பேரும் வரட்டும் என்று எழுதினேன்.

#11 வாய்தா வக்கீல்

அருமை. இதில் தொழில் ருசி ஒன்று இருக்கிறது, பனங்கிழங்கு மகளுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். புரோநோட்டு செல்ல வேண்டுமானால் கைமாறாக ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். ‘நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?’ ‘ஒரு பெண்ணைக் கொடுத்தோம்.’ ‘அவள் உங்கள் உடைமை என்று காட்டுங்கள்.’ காட்ட முடியவில்லை. அப்படியானால் கொடுத்தது ஒன்றுமில்லை, நோட்டு செல்லாது. அடிமை முறைக்குத் தடை போட்ட 1787இன் வடமேற்குப் பிரதேசச் சட்டத்தையும் மாநில அரசியலமைப்பையும் கொண்டுவந்து லிங்கன் இதில் வைத்தார். சுதந்திரத்தை நிரூபிக்க வேண்டிய பாரம் நான்ஸ் தலையிலிருந்து இறங்கி, விற்றவன் தலையில் ஏறியது. கடன் வழக்குக்குள்ளே இவ்வளவு பெரிய விஷயம் ஒளிந்திருந்தது.

#12 அமாவாசை

அப்படியும் அவர் வாதாடியது பெய்லியின் 431 டாலருக்காக. நான்ஸ் அந்த வழக்கில் கட்சிக்காரியே இல்லை.

#13 செம்பருத்தி

ஆமாம். அதை மறைக்கவில்லையே. 1845இல் ஓடிவந்த அடிமைக்கு இடம் கொடுத்தார் என்று குற்றம் சாட்டப்பட்ட மார்வின் பாண்டுக்கும் லிங்கன்தான் வக்கீல், விடுதலை வாங்கிக் கொடுத்தார். ரெண்டு வருஷத்தில் மேட்சன். அந்தந்த வருஷத்தில் அந்தந்தக் கட்சிக்காரர். பிற்காலத்து லிங்கனைக் கொண்டுவந்து 38 வயது வக்கீலின் நாற்காலியில் உட்காரவைக்க என்னால் முடியவில்லை. ஆனால் நான்ஸ் முதலில் நடந்து வெளியே வந்திருக்காவிட்டால், லிங்கனுக்கு அங்கே வாதாட ஒன்றுமே இருந்திருக்காது. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#14 பழைய பேப்பர்

கடன் வழக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. 25 வருஷத்தில் அவர் பார்த்தது 5,000க்கு மேல் வழக்குகள், பாதிக்கும் மேல் கொடுக்கல் வாங்கல். 1841இல் ஸ்டூவர்ட்டை விட்டு ஸ்டீபன் லோகனோடு சேர்ந்தார். முன்னாள் நீதிபதி, பரட்டைத் தலை, கீச்சுக் குரல், ஆனால் மனு எழுதுவதில் புலி. லிங்கன் வழக்கை ஆழமாகப் படிக்கக் கற்றுக்கொண்டது இவரிடம்தான். அந்தச் சமயம் புது திவால் சட்டம் ஒன்று வந்து ஒரே வருஷத்தில் ரத்தானது. அதற்குள் இவர்கள் ஆபீஸ் 77 பேருக்கு மஞ்சள் கடுதாசி வாங்கிக் கொடுத்துவிட்டது. சங்கிலி ஐயா கதையில் சங்கிலி வரைக்கும் ஜப்திக்குக் கொடுத்த அதே ஆள்.

இன்னொன்று, தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1841 ஜூன். ட்ரெய்லர் சகோதரர்கள் மூவரில் இருவர், ஃபிஷர் என்பவரைக் கொன்றதாக வழக்கு. மூன்றாமவரை உருட்டி மிரட்டி வாக்குமூலமும் வாங்கியாயிற்று. ஊரே பிணத்தைத் தேடி, ஆலை அணையைக்கூட உடைத்துப் பார்த்தது. லிங்கன் தரப்பில் ஒரு டாக்டர் வந்து, ஃபிஷர் உயிரோடு என் வீட்டில் இருக்கிறார் என்றார். இருந்தார். லிங்கன் ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது: இவ்வளவு அலைந்தும் ஒரு தூக்குக்கூட இல்லையே என்று ஒரு வண்டிக்காரர் அலுத்துக்கொண்டாராம்.

#15 பனங்கிழங்கு

எல்லோருக்கும் நன்றி. அமாவாசைக்கும்தான். நேற்று இழையை அப்படியே அவளிடம் கொடுத்தேன். பீப்பாயை அடித்துவிட்டாள். சங்கிலி ஐயாவின் ஷார்ட் உள்ளே வந்துவிட்டார். நான்ஸுக்கு முழுசாக ஒரு பக்கம். மேட்சனும் இருக்கிறான், “நேர்மைன்னா இதையும் சொல்லணும்ல” என்கிறாள். நடுவர்களுக்குப் பிடிக்காவிட்டால் போகட்டுமாம்.

அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். விடுதலையான அந்த நாலு பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

#16 வாய்தா வக்கீல்

குடும்பத்தோடு ஆப்பிரிக்காவுக்கு, லைபீரியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். உதவி செய்தவர்கள் பணம் திரட்டி அனுப்பிவைத்தார்கள். போன இடத்தில் நன்றாக இருக்கவில்லை, ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

பேர் கேட்டால் சொல்லுங்கள்: மேரி கேதரின், சாலி ஆன், மேரி ஜேன், ராபர்ட் நோவா.

#17 பனங்கிழங்கு

எழுதிக்கொண்டாள். மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், இப்போது நாலரை வருகிறது.